கதை எழுதிச் சம்பளம் கட்டியவர்

ஆடிப் பதினெட்டன்று மேட்டூருக்குப் போனால் என்ன பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், மனிதத் தலைகளைப் பார்க்கலாம் என்று தயங்காமல் சொல்லுவேன். காவிரி இருக்கிற இடம் அந்தத் தலைகளுக்கு நடுவே ஊகித்துக் கொள்ள வேண்டியதுதான். புது மஞ்சள் கயிறு மாற்றிக் கொள்ள வந்த பெண்கள், அணை முனியப்பனுக்குப் பொங்கல் வைக்க வந்த குடும்பங்கள், அவர்களோடு வந்து தம் விதி தெரியாமல் இலை மென்று கொண்டிருக்கும் ஆடுகள், இத்தனைக்கும் நடுவில் குடையும் புகைப்படக்காரருமாக நான். ஆசிரியர் கேட்டது கூட்டத்தின் படம். அது ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. நான் கேட்காமலே கிடைத்த இன்னொரு விஷயத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

மேட்டூரில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1962-ல் கல்யாணமாகி, ஆலை உத்தியோகஸ்தரான மாமாவுடன் இந்த ஊர்க் குடியிருப்பு வரிசை ஒன்றில் வந்து இறங்கியவர். இன்றைக்குச் சொந்த வீடு, மாமா இல்லை. வெயிலில் போய் நின்றவளைப் பார்த்ததும், "வா கண்ணு, முதல்லே மோரைக் குடி. படம் புடிச்சதெல்லாம் அப்புறம் சொல்லலாம்" என்றார். மோர் குடித்து முடிப்பதற்குள் பரண்மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே பழைய பட்டுப் புடவை ஒன்று. அதற்கு அடியில் பைண்டு செய்த நாலைந்து தொடர்கதைப் புத்தகங்கள்.

இந்தப் பைண்டுப் புத்தகம் என்கிற சங்கதி இளைய வாசகிகளுக்குத் தெரிந்திருக்காது. பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் அலுங்காமல் பிரித்தெடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் தைத்து அட்டை போட்டு வைப்பார்கள். நடுநடுவே தலைவலி மருந்து விளம்பரமும் பாதி நறுக்குண்ட துணுக்கும் இருக்கும். சில வீடுகளில் மகளுக்குச் சீதனமாகவே அனுப்புவது உண்டு. அத்தையின் பெட்டியில் இருந்தவையும் அவருடைய தாயார் சேர்த்துக் கொடுத்தவையே. மேலே இருந்த புத்தகத்தின் முதுகில், மையால் 'மிதிலா விலாஸ் - லக்ஷ்மி' என்று எழுதியிருந்தது.

லக்ஷ்மி! நம் பாட்டிமார்களும் அத்தைமார்களும் அந்தப் பெயரைச் சொல்லும்போது ஏதோ தாய்வீட்டு மனுஷியைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி இருக்கும். அவர் யார், எந்த ஊர், என்ன செய்து கொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. சொந்தப் பெயர் திரிபுரசுந்தரி. பிறந்தது 1921 மார்ச் 23. வளர்ந்த ஊர் தொட்டியம். மேட்டூரில் திறந்து விடுகிற தண்ணீர், பவானி, ஈரோடு, பரமத்தி வேலூர், மோகனூர் என்று ஓடி நாமக்கல் எல்லையைக் கடந்ததும் தொடுகிற வாழைத்தோட்டத்து ஊர் அது. ஆக, அத்தையின் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு காகிதக் கப்பலை விட்டால் (வழியில் கதவணைகள் இடம் கொடுத்தால்) லக்ஷ்மியின் ஊர்ப் படித்துறையில் போய்த் தட்டும்.

அவர் மூன்று வயதுக் குழந்தையாயிருந்தபோது, 1924-ல், காவிரியின் அந்தப் பெருவெள்ளம் வந்தது. மறு வருஷம் மேட்டூரில் அணை வேலை தொடங்கிற்று. 1934-ல் வேலை முடிந்து அணை திறந்தபோது அவருக்கு வயது பதின்மூன்று. கட்டுக்கடங்காத காவிரி, கட்டிப் போட்ட காவிரி இரண்டையும் பார்த்து வளர்ந்த பெண் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு அப்போதைய சென்னை கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். சென்னையில் ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்லூரிக்கும் அதே கவர்னர் பெயர்தான். காவிரிக் கரைப் பெண் திரிபுரசுந்தரி வைத்தியம் படிக்கப் போய்ச் சேர்ந்தது அந்த ஸ்டான்லி கல்லூரியில். நூற்றிருபது அடி ஆழத் தண்ணீருக்கும் ஒரு டாக்டரம்மாளுக்கும் ஒரே வெள்ளைக்காரர் பெயர் காவலாக நின்றிருக்கிறது!

அது யுத்த காலம். தகப்பனாரும் மருத்துவர்தான், இருந்தும், மகளின் கல்லூரிச் சம்பளத்தைத் தொடர்ந்து கட்ட முடியாத நிலை வந்துவிட்டது. படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்புவது ஒன்றே வழி. அந்த நாளில் எத்தனை பெண்கள் அப்படித் திரும்பியிருக்கிறார்கள்! திரும்பியவுடன் ஒரு ஜாதகம் பொருந்தும், கதை முடிந்துவிடும்.

திரிபுரசுந்தரி ஊருக்குத் திரும்பவில்லை. 'ஆனந்த விகட'னின் அதிபர் எஸ். எஸ். வாசனைப் போய்ப் பார்த்தார். நான் கதை எழுதுகிறேன், அதற்குக் கிடைக்கும் சன்மானத்தில் படிப்பை முடித்துக் கொள்கிறேன் என்பதுதான் அவர் கொண்டு போன விண்ணப்பம். கடன் கேட்கவில்லை, தர்மம் கேட்கவில்லை. வேலை கேட்டார். வாசனும் கொடுத்தார். 'தகுந்த தண்டனையா?' என்ற சிறுகதை வந்தது. பிறகு 'பவானி' என்று தொடர்கதை. அப்புறம் 'பெண் மனம்'. லக்ஷ்மி என்கிற பெயர் தமிழ் நாட்டு வீடுகளுக்குள் வந்துவிட்டது. கல்லூரிச் சம்பளமும் கட்டியாயிற்று.

வாசனின் தாராள மனத்தை எல்லாரும் சொல்லுவார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் பத்திரிகைக் காரியாலயத்தில் உட்கார்ந்து பிழைக்கிறவள் என்கிற முறையில் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. 'கல்கி' விகடனை விட்டு விலகி 1941-ல் சொந்தப் பத்திரிகை ஆரம்பித்துவிட்டார். வாசகர்களை வாரந்தோறும் இழுத்து வைத்திருந்த பேனா எதிர்க் கடைக்குப் போய்விட்டது. அந்தச் சமயத்தில், வீட்டுப் பெண்களின் பேச்சும் மனசும் தெரிந்த ஒரு புதுப் பேனா வாசலில் வந்து நின்றால் எந்தப் பத்திரிகை அதிபர் வேண்டாம் என்பார்? உதவியும் வியாபாரமும் ஒரே நாற்காலியில் உட்காருவது உண்டு. அதனால் உதவி குறைந்து போவதில்லை.

தொடர்கதை எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்று வாசகிகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் தம் இஷ்டப்படி எழுதி, அடித்து, திருத்தி, ஆறு மாதம் கழித்துப் புத்தகமாகப் போடலாம். தொடர்கதைக்காரருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. இந்த வார அத்தியாயம் அச்சில் ஏறுவதற்கு முன்பே சித்திரக்காரர் கைக்குப் போயாக வேண்டும். முந்தைய வாரம் கதாநாயகியின் புடவை நீலம் என்று எழுதியிருந்தால் இந்த வாரமும் அவளுக்கு அதை மாற்ற நேரமில்லை, நீலம்தான். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு முடிய வேண்டும். கடிதம் எழுதுகிற வாசகர்கள், அவளைச் சாகவிடாதீர்கள் என்று கெஞ்சுவார்கள், அவனை மன்னிக்காதீர்கள் என்று மிரட்டுவார்கள். இத்தனையும் ஒரு மருத்துவ மாணவி, உடற்கூறு நூலும் பிரேதப் பரிசோதனை மேஜையுமாகப் பகலைக் கழித்துவிட்டு வந்து செய்த வேலை என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஒரு வாரம் நின்றுபோனால் கதை மட்டுமா நிற்கும்? சம்பளமும் அல்லவா நிற்கும்!

இதற்கு முந்திய தலைமுறையில் வை. மு. கோதைநாயகி அம்மாள் இருந்தார். எழுதப் பழகாத நாளில், தம் முதல் படைப்பைத் தாம் வாயால் சொல்லச் சொல்லத் தோழியை எழுதிக் கொள்ளச் செய்தவர். பிறகு 'ஜகன்மோகினி'யை வாங்கி நடத்தி, நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதியவர். தேச சேவைக்காகச் சிறை சென்றவர். அவர் கதைகளில் மர்மமும் திருப்பமும் ஜாஸ்தி. லக்ஷ்மி வந்தபோது மர்மம் கழன்று, வீடு நின்றது. மாமியார், நாத்தனார், கூடத்து ஊஞ்சல், கடன்பட்ட தகப்பன், கல்யாணமாகாத மூத்தவள். காதலும் அதற்குள்ளேதான் நடக்க வேண்டும். கடற்கரையில் கைகோத்துத் திரிகிற காதல் அல்ல. கல்யாணம் ஆன பிறகு, ஒரே கூரையின் கீழே, ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரியாமல் மாதக்கணக்காகப் புழுங்குகிற காதல்.

'பெண் மன'த்தை எடுத்துக் கொள்ளுங்கள். இஷ்டமில்லாத கல்யாணம். கணவன் மீது அவளுக்கு மதிப்பில்லை. அதற்குக் காரணமும் உண்டு. வெறுப்பு எப்படிக் கரைகிறது என்பதுதான் முழுக் கதையும். கோவை பட்சிராஜா ஸ்டுடியோ அவருடைய 'காஞ்சனையின் கன'வை 1952-ல் 'காஞ்சனா' என்று படமாக எடுத்தது. 'பெண் மனம்' 1963-ல் 'இருவர் உள்ளம்' ஆயிற்று. எல். வி. பிரசாத் டைரக்‌ஷன், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசன், சரோஜாதேவி. கல்யாணமான மறுவருஷம் மாமாவோடு அந்தப் படத்தைப் பார்த்ததாக அத்தை சொன்னார்.

"எப்படி இருந்துச்சு அத்தை?"

"படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கண்ணு, கதையிலே அவ மனசுக்குள்ளே நினைக்கிறது எல்லாம் நமக்குத் தெரியும். சினிமாவிலே அழுவுறது மட்டும்தான் தெரிஞ்சுது."

பெரிய விமர்சகர்கள் பத்துப் பக்கம் எழுதிச் சொல்லக் கூடிய விஷயம் இது. லக்ஷ்மியின் தொழில் ரகசியம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சம்பவங்கள் அவருக்கு அதிகம் தேவைப்படவில்லை. ஒரு பெண் அடுப்படியில் நின்று கொண்டு, வாயைத் திறக்காமல், தனக்குள் நடத்துகிற சம்பாஷணையை அவர் எழுதினார். அவர் வைத்தியம் படித்தவர் என்பது இதற்கு உதவியிருக்க வேண்டும். வலி எங்கே என்று கேட்டால் பெண்கள் வேறு எங்கேயோ கை வைத்துக் காட்டுவார்கள். நல்ல டாக்டருக்கு அது தெரியும்.

அத்தை இருந்த குடியிருப்பில் எட்டு வீட்டுக்கு ஒரு பத்திரிகை. வியாழக்கிழமை முதல் வீடு, வெள்ளிக்கிழமை இரண்டாவது வீடு என்று முறை. எட்டாவது வீட்டுக்குப் போகும்போது அடுத்த இதழ் வந்துவிடும்; ஆகையால் அந்த வீட்டுக்காரி எப்போதும் ஒரு வாரம் பின்தங்கியே அழுதுகொண்டிருப்பாளாம். ஆண்கள் நாங்கள் சிரிப்புத் துணுக்கு மட்டும் பார்ப்போம் என்பார்கள். கதையில் அடுத்து என்ன ஆகும் என்று பெண்கள் தப்பாகச் சொன்னால் மட்டும் திண்ணையிலிருந்து திருத்தம் வரும்!

சரி, இனி அந்தக் கதைகளைப் பற்றி இருக்கிற குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஊருக்கு வரும்போது அதை மனசில் வைத்துக் கொண்டுதான் வந்தேன். கல்லூரியில் படித்த நாளில் நான் லக்ஷ்மியை மதித்ததில்லை. அவருடைய கதாநாயகிகள் படித்தவர்கள், மானம் உள்ளவர்கள், நறுக்கென்று பேசவும் தெரிந்தவர்கள். ஆனால் கடைசியில் விட்டுக் கொடுப்பது யார்? பொறுத்துப் போவது யார்? நூற்றுக்கு மேற்பட்ட நாவல் எழுதியவர், அடங்காத பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கலாமே என்று கோபம் வரும். இலக்கியம் பேசுகிறவர்களும் 'குடும்பக் கதை' என்று ஒரு வார்த்தை சொல்லி அவரை ஒதுக்கி வைத்தார்கள். என் கோபம் வேறு, அவர்கள் ஒதுக்கல் வேறு என்று இப்போது படுகிறது. அவர்களுக்குக் குடும்பம் என்றாலே சின்ன விஷயம்.

அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பாருங்கள். படிப்பு நின்றுவிடும் என்றபோது பொறுத்துப் போனாரா? டாக்டரானார். பத்தொன்பது வயதில் கழுத்தை நீட்டவில்லை. 1955-ல், முப்பத்து நாலாவது வயதில், தென்னாப்பிரிக்கத் தமிழரான கண்ணபிரானை மணந்து கப்பலேறிப் போனார். தோல் நிறத்தைப் பார்த்து மனிதர்களைப் பிரித்து வைத்திருந்த தேசம் அது. 1948 முதல் அதுவே அரசாங்கக் கொள்கை. எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தெரு, எந்த ரயில் பெட்டி என்பதையெல்லாம் சட்டம் தீர்மானித்த இடத்தில் குடித்தனம் நடத்தினார், வைத்தியம் பார்த்தார், கணவரை இழந்தார், பிள்ளையை வளர்த்தார். இருபத்திரண்டு வருஷம். தம் கதாநாயகிகளில் ஒருத்தியைக் கூட அவர் இத்தனை தூரம் அனுப்பியிருப்பாரோ என்று சந்தேகம் வருகிறது.

இதை அத்தையிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. லக்ஷ்மி தம் வாழ்க்கையைக் 'கதாசிரியையின் கதை' என்று எழுதியிருக்கிறார். அதை நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறார் அத்தை.

"படிச்சதும் எனக்கு ஆத்திரம் வந்துச்சு கண்ணு. நம்மளை எல்லாம் பொறுத்துக்க பொறுத்துக்கன்னு சொல்லிப்போட்டு, இந்தம்மா மட்டும் பொறுக்காம டாக்டருக்குப் படிச்சிருக்குது பாரேன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். அந்தம்மாவும் கதை எழுதித்தானே சம்பளம் கட்டுச்சு. நாம காசு குடுத்துப் படிச்சது வீண் போவலேன்னு நினைச்சுக்கிட்டேன்."

நான் உடனே ஒரு முடிச்சுப் போடப் பார்த்தேன். பத்திரிகைக்காரர்களின் கெட்ட வழக்கம். அத்தையின் மகள் 1982-ல் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். விடுதிச் செலவுக்கு மாமாவின் சம்பளம் எட்டவில்லை. அத்தை தையல் மெஷின் வாங்கி, குடியிருப்புப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து, மூன்று வருஷம் அந்தப் பணத்தைக் கட்டினார். "லக்ஷ்மி செய்ததைப் பார்த்துத்தான் நீங்களும் செய்தீர்களா?" என்று கேட்டேன்.

அத்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்தப் புஸ்தகத்தைப் படிச்சது அப்புறம் கண்ணு. பணம் பத்தலே, மெஷின் வாங்கினேன். அதுக்கெல்லாமா கதை படிச்சிட்டு வருவாங்க?"

1977-ல் லக்ஷ்மி சென்னைக்குத் திரும்பினார். இருபத்திரண்டு வருஷம் போய்விட்டது. வாசகிகளின் மகள்கள் வாசகிகளாகியிருந்தார்கள். மீண்டும் தொடர்கதைகள் வந்தன. 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. தமிழில் ராஜம் கிருஷ்ணனுக்கு (1973) அடுத்தபடி அந்தப் பரிசைப் பெற்ற பெண் அவர்தான். ஆப்பிரிக்காவில் அத்தனை வருஷம் இருந்துவிட்டு வந்தவர் கதைக்குப் பெயர் தேடியபோது தொட்டியத்து ஆறுதான் கைக்கு வந்தது. 1987 ஜனவரி 7-ல் காலமானார்.

சாயங்காலம் அத்தையை அழைத்துக் கொண்டு, கூட்டம் வடிந்த பிறகு, அணைப் பக்கம் போனோம். கோடையில் நீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கத்தில் பழைய ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரங்களும் தலை தூக்கும். தேக்கத்துக்காக ஊரைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் விட்டுப் போனவை. அன்றைக்கு அவை தெரியவில்லை, தண்ணீர் இருந்தது. அத்தைக்குத் தண்ணீரைப் பார்ப்பதை விட, மஞ்சள் கயிறும் புதுப்புடவையுமாகத் திரும்பிப் போய்க் கொண்டிருந்த சின்னப் பெண்களைப் பார்ப்பதில்தான் கவனம். ஒருத்தி ஜோடியாக வந்தவனிடம் எதற்கோ முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு நாலடி முன்னால் நடந்தாள். அவன் ஐஸ்கிரீமோடு பின்னால் ஓடினான். "இது பத்து வாரம் ஓடும்" என்றார் அத்தை.

இரவு நான் 'மிதிலா விலா'ஸைக் கையில் எடுத்தேன். அத்தையின் பேத்தி பக்கத்தில் கைப்பேசியில் ரமணிசந்திரன் நாவல் படித்துக் கொண்டிருந்தாள். லக்ஷ்மிக்குப் பின்னால் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தவர். அவர் கதைகளில் கதாநாயகன் இன்னும் பணக்காரன், கோபம் இன்னும் சீக்கிரம் தணியும். பேத்திக்குப் பாட்டியின் புத்தகத்தைத் தொடப் பயம்; தாள் உடைகிறதாம். உண்மைதான். ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பும்போது மூலையில் கொஞ்சம் பொடி மடியில் விழுந்தது. பாதி ராத்திரிக்கு மேல் கதை உச்சத்தில் ஏறியபோது பக்கங்கள் தீர்ந்துவிட்டன. கடைசி இரண்டு அத்தியாயங்கள் இல்லை.

காலையில் கேட்டேன். அறுபதுகளில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இரவல் வாங்கிப் போனாளாம். தையல் விட்டுக் கடைசித் தாள்கள் கழன்றிருக்கின்றன. திருப்பித் தருவதற்குள் அவள் வீட்டுக்காரருக்கு வெளியூர் மாற்றல் வந்துவிட்டது. புத்தகம் மட்டும் திரும்பி வந்தது, தாள்கள் சாமான் மூட்டையோடு போய்விட்டன.

"அப்போ முடிவு உங்களுக்குத் தெரியாதா அத்தை?"

"தெரியாம என்ன? எங்கம்மா சொல்லியிருக்குது. ஆனா அது சொன்ன முடிவு எனக்குப் புடிக்கலே. நானா ஒண்ணு வெச்சுக்கிட்டேன்."

அது என்ன முடிவு என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை. சென்னையில் புதுப் பதிப்பு இருந்தால் வாங்கி அனுப்பட்டுமா என்றதற்கு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எழுத்து பெரிசா இருந்தா வாங்கு. விலை என்னன்னு முதல்லே கேட்டுச் சொல்லு."